சாக்கடைக்கு வழி கண்ட சர் ஜோசப் பசல்ஜெட்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்க வருகிறவர்கள், சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, புற்றுமண்ணை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புவார்கள். ஊரை விட்டு வெளியே வந்ததும் சாலை ஓரத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். முன்பு பருத்தியும் சோளமும் விளைந்த காட்டில் வரிசையாகக் கல் நட்டு மனை போட்டிருக்கும். வாசலில் ஒரு வளைவு. வளைவில் ஏதாவது ஒரு நகரின் பெயர்.

மனை வாங்குகிறவர் நாலும் விசாரித்துத்தான் வாங்குவார். பட்டா சரியா? தண்ணீர் வருமா? மின்சாரக் கம்பம் நடுவார்களா? பஸ் நிற்குமா? எல்லாம் கேட்பார். ஆனால் குளித்த தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும், கக்கூசில் ஊற்றிய தண்ணீரும் எங்கே போகும் என்று கேட்பவர் குறைவு. மனையை விற்றவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போன பிறகு, அந்த நகரின் சாக்கடையைப் பராமரிப்பது யார் என்று கேட்பவர் அதைவிடக் குறைவு.

இந்தக் கேள்வி இன்று பிறந்தது அல்ல. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் மாநகரம் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்தது. பதில் கிடைப்பதற்குள் பல ஆயிரம் பேர் செத்தார்கள். கடைசியில் கிடைத்த பதிலைச் செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டிக் காட்டியவர் ஜோசப் பசல்ஜெட்.

தையல்காரர் பேரன்

பசல்ஜெட் என்பது ஆங்கிலப் பெயர் அல்ல, பிரெஞ்சுப் பெயர். ஜோசப்பின் தாத்தா பிரான்சு நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்தவர். தையல் தொழில். ஆனால் சாதாரணத் தையல்காரர் அல்ல. பட்டத்து இளவரசருக்கே உடை தைத்துக் கொடுத்தவர். அந்த இளவரசர்தான் பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனார். அவர் ஆடம்பரப் பிரியர். உடைக்குக் கணக்குப் பார்க்க மாட்டார். ஆகவே தையல்காரர் பணக்காரர் ஆகிவிட்டார்.

தையல்காரரின் மகன் கப்பல் படையில் சேர்ந்து அதிகாரி ஆனார். அவருடைய மகன்தான் நமது ஜோசப். 1819-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, லண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்டு என்ற ஊரில் பிறந்தார்.

ஆள் குள்ளம். மெலிந்த தேகம். மூச்சு இரைப்பும் உண்டு. தகப்பனாரைப் போலக் கப்பல் ஏறும் உடம்பு அல்ல அது. 17 வயதில் சர் ஜான் மக்நீல் என்ற பெரிய என்ஜினீயரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அயர்லாந்தில் ஈரம் தேங்கிய நிலங்களில் தண்ணீரை வடித்து நல்ல நிலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே போனார். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வழி விட்டால் போய்விடும். மறித்தால் தேங்கிக் கெடுக்கும். கிணற்று மேட்டில் வாய்க்கால் வெட்டும் நம் சம்சாரிகளுக்கு இது தெரியாத விஷயமா? ஆனால் பட்டணத்து என்ஜினீயர்களில் பல பேருக்கு இது மறந்து போயிருந்தது. பசல்ஜெட் சேற்றில் இறங்கிக் கற்றுக்கொண்டார்.

1842-ல் லண்டனில் சொந்தமாக ஒரு ஆபீஸ் திறந்தார். 1845-ல் அயர்லாந்துப் பெண் மரியாவை மணந்தார். அது ரெயில் பைத்தியம் பிடித்திருந்த காலம். ஊருக்கு ஊர் ரெயில் பாதை போட ஒரு கம்பெனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் வரைபடம் வேண்டும். என்ஜினீயர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள். பசல்ஜெட்டும் செய்தார். உடம்பு தாங்கவில்லை. 1847-ல் படுத்துவிட்டார். தொழிலை விட்டுவிட்டு, லண்டனை விட்டே வெளியேறி ஓய்வு எடுக்க நேர்ந்தது.

உடம்பு தேறித் திரும்பி வந்தபோது வயது 30. 1849-ல் ஒரு வேலை கிடைத்தது. சாக்கடைக் கமிஷனில் உதவி சர்வேயர். ரெயில் பாதை போடுகிறவருக்கு ஊரெல்லாம் மாலை போடும். சாக்கடை பார்க்கிறவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இருந்தாலும் அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு சாகும் வரை அவருடைய பெயர் சாக்கடையோடு சேர்ந்தே இருந்தது.

வீட்டுக்கு அடியில் குழி

அன்றைய லண்டனை வாசகர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

1801-ல் அங்கே ஜனத்தொகை சுமார் 10 லட்சம். 1851-ல் 23 லட்சத்தையும் தாண்டிவிட்டது. ஊர் நாலு பக்கமும் பெருத்தது. காய்கறித் தோட்டமும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இடங்களைக் காண்டிராக்டர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். தெருத் தெருவாக ஒரே மாதிரி வீடுகள் கட்டினார்கள். விற்றார்கள். அடுத்த வயலுக்குப் போனார்கள். இப்படி முளைத்தவை பல பேட்டைகள்.

வீடுகளின் கழிவு எங்கே போயிற்று? வீட்டுக்கு அடியிலோ, கொல்லையிலோ ஒரு குழி இருக்கும். லண்டனில் அப்படி 2 லட்சம் குழிகள் இருந்ததாகக் கணக்கு. குழி நிறைந்தால், இரவு நேரத்தில் தொழிலாளிகள் வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். சுற்று வட்டாரக் குடியானவர்கள் அதை எருவாக விலைக்கு வாங்குவார்கள். ஊர் சிறியதாக இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. ஊர் பெருத்ததும் வயல்கள் தூரமாகிவிட்டன. தென் அமெரிக்காவிலிருந்து பறவை எச்சம் உரமாக வந்து இறங்கியதும் மலத்துக்கு விலை இல்லாமல் போயிற்று. ஏழைகள் குழியை அள்ளக் கூலி கொடுக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். குழி பொங்கி, தரை வழியே ஊறி, பக்கத்துக் கிணற்றில் இறங்கியது.

அப்போதுதான் புது நாகரிகம் ஒன்று வந்தது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டிக் கழுவும் கக்கூஸ்! 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் இதை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பென்னி கட்டணம். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போனதும் தங்களுக்கும் அது வேண்டும் என்றார்கள். கக்கூசிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இறங்கியதும் குழிகள் சீக்கிரமே நிரம்பி வழிந்தன.

சர்க்கார் ஒரு யோசனை செய்தது. குழிகளை மூடு, எல்லாவற்றையும் சாக்கடையில் விடு என்றது. ஆறு ஆண்டுகளில் சுமார் 30 ஆயிரம் குழிகள் மூடப்பட்டன. வீடு சுத்தமாயிற்று. ஆனால் அந்தச் சாக்கடைகள் மழைத் தண்ணீருக்காக வெட்டியவை. எல்லாம் நேரே தேம்சு நதியில் போய் விழுந்தன. அந்த நதியிலிருந்துதான் பல லட்சம் ஜனங்கள் குடிதண்ணீர் எடுத்தார்கள்!

காலரா வந்தது. வங்காளத்தில் 1817-ல் பெரிதாகக் கிளம்பிய நோய், நாடு நாடாகப் பரவி 1831-ல் இங்கிலாந்தில் இறங்கியது. லண்டனில் அந்த முறை செத்தவர்கள் 6 ஆயிரத்துக்கு மேல். 1848, 1849-ம் ஆண்டுகளில் 14 ஆயிரத்துக்கு மேல். 1853, 1854-ல் மறுபடியும் 10 ஆயிரத்துக்கு மேல். காலையில் நன்றாக இருந்த தகப்பன் மாலையில் பிணம். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பெரிய டாக்டர்கள் எல்லாம் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற ஒரு டாக்டர் மட்டும் 1854-ல் ஒரு தெருப் பம்பைச் சுற்றிச் செத்தவர்களைக் கணக்கெடுத்து, நோய் தண்ணீரில்தான் இருக்கிறது என்று காட்டினார். யாரும் சரியாகக் காது கொடுக்கவில்லை. 1858-ல் அவர் காலமானார்.

பசல்ஜெட்டும் கெட்ட காற்று கட்சிதான். காரணம் தவறு. ஆனால் அவர் செய்த வைத்தியம் சரியாக அமைந்துவிட்டது.

எட்டு ராஜ்யம்

லண்டனில் சாக்கடையே இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. கவனிக்கக் கமிஷன்களும் இருந்தன. ஒன்றல்ல, எட்டு! ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்யம். ஒருவர் எல்லையில் நடப்பது அடுத்தவருக்குத் தெரியாது. இவர் பெரிய சாக்கடை கட்டுவார். அது எல்லையைத் தாண்டியதும் அடுத்தவர் கட்டிய சிறிய சாக்கடையில் போய் விழும். இவர் முட்டை வடிவத்தில் கூர் முனை கீழே இருக்கும்படி கட்டுவார். அடுத்தவர் அதே முட்டையைத் தலைகீழாகக் கட்டி வைத்திருப்பார். மழை பெய்தால் பள்ளத்தில் இருக்கிற ஏழைகளின் வீட்டுக்குள் மேட்டுப் பேட்டையின் கழிவு ஏறும்.

1848-ல் ஏழு கமிஷன்களை ஒன்றாக்கினார்கள். நகரத்தின் பழைய நடுப்பகுதி மட்டும் தனியாக நின்றது. ஒன்றாக்கியும் சண்டை ஓயவில்லை. ஏழு ஆண்டுகளில் ஆறு கமிஷன்கள் மாறின. ஆளுக்கு ஒரு திட்டம். தலைமை என்ஜினீயராக இருந்த பிராங்கு பார்ஸ்டர் வேலைப் பளுவிலும் கவலையிலும் நொந்து 1852-ல் இறந்துபோனார். அவர் நாற்காலியில் பசல்ஜெட் உட்கார்ந்தார்.

1855-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சங்கரன்கோவில்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்தது. தெருச் சாக்கடை அந்தந்தப் பேட்டையின் சபைக்கு. பெரிய பேட்டைக்குத் தனிச் சபை. சிறிய பேட்டைகள் தனியாகச் செலவு தாங்க முடியாது அல்லவா? அவை நாலைந்து ஒன்று சேர்ந்து ஒரு வட்டாரச் சபை அமைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பேட்டைகளின் கழிவையும் சேர்த்துக் கொண்டுபோகும் பெரிய சாக்கடை, நகரம் முழுவதற்கும் பொதுவான ஒரு வாரியத்துக்கு. அதன் பெயர் மாநகரப் பணி வாரியம். அங்கத்தினர்கள் 45 பேர். பேட்டைச் சபைகளும் வட்டாரச் சபைகளும் அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். செலவுக்கு வரியும் வீட்டுக்காரர்கள் தலையில்தான்.

புது வீடு கட்டுகிறவர் வாய்க்கு வந்தபடி கட்ட முடியாது. ஏழு நாட்களுக்கு முன்பே சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சாக்கடைக் குழாய் எந்த ஆழத்தில், எந்தச் சரிவில் இருக்க வேண்டும் என்று சபை சொல்லும். அதன்படி போடாமல் வீடு எழும்பக் கூடாது. சபை புதிதாகத் தெருச் சாக்கடை கட்ட வேண்டுமானால், அதன் வரைபடம் வாரியத்துக்குப் போய்ச் சம்மதம் பெற வேண்டும். புதுத் தெருவில் சாக்கடை போடும் செலவை அந்தத் தெரு மனைக்காரர்களிடமே வசூலிக்க 1862-ல் இன்னொரு சட்டம் இடம் கொடுத்தது.

வாரியம் 1856-ம் ஆண்டு பிறந்தது. தலைமை என்ஜினீயர் பசல்ஜெட். பேட்டைகளின் சாக்கடை வரைபடங்கள் எல்லாம் அவருடைய மேஜைக்கு வந்தன. அளவு பொருந்துகிறதா? சரிவு சரியா? கீழே உள்ள பேட்டைக்குக் கெடுதல் வருமா? அவரும் அவருடைய உதவியாளர்களும் பார்த்துத் திருத்தினார்கள். லண்டனுக்கு அடியில் அவர் கட்டிய பெரிய சுரங்கங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த வரைபட வேலை அதற்குக் குறைந்தது அல்ல. எட்டு ராஜ்யத்தின் கோணல் திரும்பவும் தலை எடுக்காமல் காத்தது அதுதான்.

சென்னையில்

இது ஏதோ சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது.

சென்னையில் சாக்கடையைக் கவனிக்கும் வேலை முன்பு மாநகராட்சியிடம் இருந்தது. 1978-ல் குடிதண்ணீருக்கும் கழிவு நீருக்குமாகத் தனி வாரியம் அமைத்தார்கள். சென்னையைச் சுற்றி முளைத்த பேட்டைகளில் பல தனி நகராட்சிகளாக இருந்தன. அவற்றில் ஒன்று ஆலந்தூர். அங்கே 1990-களின் கடைசியில், பாதாளச் சாக்கடை வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்தது. கஜானாவில் அதற்குப் பணம் போதாது. வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய் இணைப்புக் கட்டணமாக முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். ஒரு குழாய் கூடப் பதிக்காத நேரம்! ஜனங்கள் நம்பிக் கட்டினார்கள். 2000-ல் வேலை ஆரம்பித்தது. குழாயும் வந்தது, சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. இந்தியாவில் மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகிற அளவுக்கு அதன் பெயர் பரவியது. 2011-ல் ஆலந்தூர் உள்பட 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள்.

சிறிய ஊர்களின் சங்கடம் வேறு. ஒரு மனைப்பிரிவு ஊராட்சி எல்லையில் இருக்கும். அதன் கழிவு ஓடி விழும் ஓடை நகராட்சி எல்லையில் இருக்கும். இவரைக் கேட்டால் அவரைக் காட்டுவார். அவரைக் கேட்டால் இவரைக் காட்டுவார். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. அனுமதி இல்லாமல் போட்ட மனைகள் ஏராளம். அவற்றை ஒழுங்குபடுத்த 2017-ல் தனி விதிகளே கொண்டுவர நேர்ந்தது. பத்திரம் எழுதாத தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் சொந்தம் கொண்டாட ஆள் கிடைக்காது.

திரும்ப லண்டனுக்குப் போவோம்.

மூக்கைப் பிடித்த மந்திரி

பசல்ஜெட் திட்டம் தயார். ஆனால் சர்க்கார் மந்திரி சர் பெஞ்சமின் ஹால் ஒப்புக்கொள்ளவில்லை. கழிவு போய் விழும் இடம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் தூரம் தள்ளு என்றார். தள்ளினால் செலவு ஏறும். செலவை யார் கொடுப்பது என்று வாரியம் கேட்டது. கடிதமும் பதில் கடிதமுமாக இரண்டு ஆண்டுகள் ஓடின.

1858-ம் ஆண்டு கோடை. லண்டனில் அப்படி ஒரு வெயில் அபூர்வம். நதியில் தண்ணீர் வற்றியது. கரையில் மலம் காய்ந்து, வெந்து நாறியது. பார்லிமெண்டு கட்டடம் நதிக்கரையில்தான் இருக்கிறது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் காரத்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பயன் இல்லை. நிதி மந்திரி டிஸ்ரேலி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கமிட்டி அறையிலிருந்து ஓடினார். நீதிமன்றத்தையும் பார்லிமெண்டையும் வேறு ஊருக்கு மாற்றலாமா என்றுகூட யோசித்தார்கள்.

ஏழைகள் பல்லாயிரம் பேர் செத்தபோது நகராத சட்டம், மந்திரியின் மூக்கில் ஏறியதும் ஓடியது. ஜூலை 15-ந் தேதி மசோதா வந்தது. ஆகஸ்டு 2-ந் தேதி சட்டம் ஆகிவிட்டது. 18 நாட்கள்தான்! வாரியம் 30 லட்சம் பவுன் கடன் வாங்கலாம், மந்திரியைக் கேட்க வேண்டியதில்லை என்று அதிகாரம் கொடுத்துவிட்டார்கள்.

31 கோடி செங்கல்

திட்டத்தின் சூட்சுமம் எளிது. பழைய சாக்கடைகள் எல்லாம் நதியை நோக்கி ஓடின. பசல்ஜெட் அவற்றை நதியில் விழ விடாமல், நதிக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்கே பெரிய சாக்கடைகளை வெட்டிக் குறுக்கே மறித்தார். வடகரையில் மேட்டுக்கு ஒன்று, நடு மட்டத்துக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று. தென்கரையிலும் அப்படியே. மொத்தம் 82 மைல். தவிர, தெருச் சாக்கடைகள் ஆயிரம் மைலுக்கு மேல்.

சரிவு மைலுக்கு இரண்டே அடி. இதை வைத்துக்கொண்டு கழிவு தானாகவே ஓட வேண்டும். அதற்குத்தான் முட்டை வடிவம். தண்ணீர் குறைவாக வரும் நேரத்தில் அடியில் உள்ள ஒடுக்கமான பகுதியில் வேகமாக ஓடி மண்ணையும் கசட்டையும் அடித்துக்கொண்டு போகும். மழைக் காலத்தில் மேலே அகன்ற பகுதி இடம் கொடுக்கும். தட்டையான அடிப்பாகம் உள்ள சாக்கடையில் கசடு படிந்து, ஆள் இறங்கி அள்ள நேரும். ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். விஷவாயு தாக்கித் தொழிலாளிகள் சாவது நம் நாட்டில் இன்றும் நிற்கவில்லை. ஆளை இறக்குவதைத் தடுத்து 2013-ல் சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை.

பள்ளத்துப் பகுதியில் கழிவு தானாக ஓடாது. அங்கே நீராவி என்ஜின் வைத்து மேலே ஏற்றினார். ஏப்பி மில்சு என்ற இடத்தில் 36 அடி உயரத்துக்கு ஏற்றும் பம்பு நிலையம் கட்டினார்.

வெட்டி எடுத்த மண் 35 லட்சம் கன கஜம். செங்கல் 31 கோடியே 80 லட்சம். கொத்தனார்களுக்குக் கூலி ஏறியது. செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிமெண்டு அப்போது புதுச் சரக்கு. நம்பலாமா என்று எல்லோரும் தயங்கினார்கள். பசல்ஜெட் வந்த சரக்கையெல்லாம் சோதனை செய்தார். பலம் காட்டாத சரக்கைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பிடிவாதத்தால் அவருடைய சுரங்கங்கள் இன்றும் நிற்கின்றன.

1865-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி, கிராஸ்னஸ் என்ற இடத்தில் பட்டத்து இளவரசர் வந்து பம்பு என்ஜினை ஓட்டிவைத்தார். தாத்தா சட்டை தைத்துக் கொடுத்தது ஒரு இளவரசருக்கு. பேரன் சாக்கடை காட்டியது இன்னொரு இளவரசருக்கு!

விட்டுப்போன பேட்டை

மறு ஆண்டே சோதனை வந்தது. 1866-ல் காலரா மறுபடி லண்டனில் இறங்கியது. 5,596 பேர் பலி. ஆனால் ஒரு விசேஷம். சாவில் பெரும் பகுதி கிழக்குப் பேட்டைகளில்தான். மேற்கிலும் வடக்கிலும் நோய் பரவவில்லை. காரணம் என்ன? கிழக்குப் பகுதியில் மட்டும் பசல்ஜெட்டின் சாக்கடை முடிந்தும் பம்பு நிலையம் முடியவில்லை. கழிவு பழையபடி ஆற்றில் விழுந்தது. அங்கே தண்ணீர் கொடுத்த கம்பெனியின் குளத்தில் அது கலந்துவிட்டது. செத்தவர்கள் துறைமுகக் கூலிகள், அவர்கள் மனைவி மக்கள். ஜான் ஸ்னோ சொன்னது சரி என்பதும் அப்போதுதான் பல பேருக்கு உறைத்தது. 1868-ல் ஏப்பி மில்சு பம்பு நிலையம் ஓடத் தொடங்கியது. லண்டனில் காலரா பெரிய அளவில் பரவியது 1866-ல்தான் கடைசி.

பள்ளத்துச் சாக்கடைக்கு இடம் தேடி, அவர் நதியின் ஓரத்தையே மண் கொட்டித் தூர்த்து, கருங்கல் கரை எழுப்பினார். உள்ளே சாக்கடை. பக்கத்தில் பாதாள ரெயில். மேலே அகன்ற சாலையும் பூங்காவும். 1870-ல் திறந்தார்கள். லண்டனுக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் அந்தச் சாலையில் நடந்திருப்பார்கள். காலுக்குக் கீழே ஓடுவது என்ன என்று தெரிந்திருக்காது.

வெளிநாட்டுப் பட்டணங்களும் அவரிடம் யோசனை கேட்டன. அவற்றில் ஒன்று மொரீசியசுத் தீவின் போர்ட் லூயி. தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர் அது.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. அவருடைய திட்டம் கழிவைச் சுத்தம் செய்யவில்லை. தூரத்துக்குக் கொண்டுபோய், கடல் வற்றும் நேரம் பார்த்து நதியில் திறந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த இடத்து ஜனங்கள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். 1878-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, இன்பப் பயணிகளை ஏற்றி வந்த பிரின்சஸ் அலிஸ் என்ற படகு, கழிவு திறந்துவிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கழிவு திறந்துவிட்டுக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. நீந்தத் தெரிந்தவர்கள்கூடப் பிழைக்கவில்லை என்று பேச்சு எழுந்தது. அதன் பிறகே கசட்டைத் தனியாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் ஏற்பாடு வந்தது. 1887-ல் ஓடிய முதல் கப்பலுக்கு பசல்ஜெட் பெயரையே வைத்தார்கள். கடலில் கொட்டுவதும் 1998-ல் நின்றுவிட்டது.

கடைசி நாட்கள்

ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். என்ஜினீயர்கள் சங்கம் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வாரியத்துக்கோ முடிவு நல்லபடியாக இல்லை. நில விவகாரங்களில் சில அதிகாரிகள் லஞ்சம் வாங்கியதாக விசாரணை வந்தது. ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு எடுத்த சபை அல்ல என்ற குறையும் இருந்தது. 1889-ல் வாரியத்தைக் கலைத்து, ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலிடம் சாக்கடையை ஒப்படைத்தார்கள். ஆள் மாறியது, சாக்கடையின் காவல் விட்டுப்போகவில்லை. பசல்ஜெட் அதே ஆண்டு ஓய்வு பெற்றார். 33 ஆண்டுகள் ஒரே வேலை.

விம்பிள்டனில் வீடு. பெரிய குடும்பம். 1891-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி அங்கே காலமானார். வயது 71.

மறு ஆண்டு, 1892-ல், ஜெர்மனியில் ஆம்பர்க் துறைமுகத்தில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 8 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நோய்க் கிருமியை டாக்டர் காக் கல்கத்தாவில் கண்டு உறுதி செய்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே ஜனங்களுக்கு விஷயம் தெரியும். பயமும் தெரியும். ஆம்பர்க்கிலிருந்து கப்பல்கள் லண்டனுக்கு வருவது வழக்கம். லண்டன் கதிகலங்கிக் காத்திருந்தது. நோயோடு சிலர் வந்து இறங்கத்தான் செய்தார்கள். ஊருக்குள் அது பரவவில்லை.